பெயர் தெரியாமல் கொடுப்பது: ஏன், எப்படி?

கேள்வி இதுதான்: "வலதுகை செய்கிறது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று இயேசு சொல்லியிருக்கிறார். சபையிலோ காணிக்கை கொடுத்தவர்கள் பெயரை வாசிக்கிறார்கள், சுவரில் கல் பதிக்கிறார்கள். பெயர் தெரியாமல் கொடுப்பதால் ஆத்துமாவுக்கு அப்படி என்ன நன்மை? இன்றைக்கு அப்படிக் கொடுக்கத்தான் முடியுமா?"

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களிலிருந்து தொடங்க வேண்டும். எல்லோருக்கும் நினைவில் நிற்பது இடதுகை வசனம். எனக்கு அதற்கு முந்தின வசனத்தின் முடிவுதான் முக்கியமாகப் படுகிறது. மனுஷரால் புகழப்படுவதற்குத் தாரை ஊதித் தர்மம் செய்கிறவர்களைப் பற்றியது அது: "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்ததென்று, மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்." இங்கே ‘அடைந்து தீர்ந்தது’ என்று வருகிற கிரேக்க வினைச்சொல் அந்தக் காலத்துக் கடைவீதிச் சொல். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் தாள்களிலும் பானையோட்டுச் சில்லுகளிலும் எழுதப்பட்ட ரசீதுகளில், ‘முழுத்தொகையும் வந்து சேர்ந்தது, பாக்கி இல்லை’ என்ற பொருளில் அதே சொல் வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் வெறுமனே ‘அடைந்தார்கள்’ என்று விடாமல் ‘தீர்ந்தது’ என்பதையும் சேர்த்தார்கள். கணக்குத் தீர்ந்தது என்று நாம் சொல்வோமே, அதே தீர்வு.

ஆக, தாரை ஊதிக் கொடுத்தவனுக்குத் தண்டனை என்று இயேசு சொல்லவில்லை. அவன் புகழை விரும்பினான், புகழ் கிடைத்தது, ரசீதில் கையெழுத்தாகிவிட்டது. அதே வசனத்தில் ‘மாயக்காரர்’ என்ற சொல்லுக்கு மூலத்தில் மேடை நடிகர் என்று பொருள். ‘மனுஷர் காணவேண்டுமென்று’ என்பதிலுள்ள கிரேக்க வினையும் தியேட்டர் என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கொடுக்கிறவன், வாங்குகிறவன் என்று இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பார்வையாளர் என்ற மூன்றாம் தரப்பு வந்துவிட்டது என்பதே அவர் காட்டுகிற கோளாறு. பார்வையாளர் வந்ததும் வாங்குகிறவர் மேடைப் பொருளாகிவிடுகிறார். அவருடைய வறுமை காட்சியாகிறது. பெயரை மறைப்பது முதலில் அவருடைய முகத்தைக் காக்கிறது, பிறகுதான் நம் ஆத்துமாவை. போதனைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகச் சொல்லப்படுகிறது என்பது என் வருத்தம்.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 4-ஆம் வசனம், அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா "உனக்கு வெளியரங்கமாய்ப் பலனளிப்பார்" என்று முடிகிறது. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் அந்த இடத்தில் ‘வெளியரங்கமாய்’ என்ற சொல் இல்லை. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்திலும் இல்லை. இது ஏதோ பண்டிதர் விவகாரம் என்று தள்ளிவிடாதீர்கள். ‘ரகசியமாய்க் கொடு, ஊரறிய ஆசீர்வாதம் வரும்’ என்று இந்த வசனத்தை வைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. அப்படியானால் ரகசியம் என்பது புகழைத் தள்ளிப்போடும் தந்திரமாகிவிடும். பிதா பார்க்கிறார், பிதா தருகிறார் என்பதே வாக்குத்தத்தம். எப்போது, எதில், யார் கண்முன் என்பதெல்லாம் அவர் கையில். அதை ஏற்றுக்கொண்டு கொடுப்பது ஒரு விசுவாசப் பயிற்சி. யாரும் பார்க்காத இடத்தில் ஒருவர் பார்க்கிறார் என்று நம்புகிறோமா இல்லையா என்பது, பெயர் போடாத உறையை நீட்டும்போது நமக்கே தெரிந்துவிடும்.

"அப்படியானால் மத்தேயு 5:16? மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்றும் அவரே சொன்னாரே" என்று கேட்பீர்கள். இந்த முரண் சபைக்குப் புதிதல்ல. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவில் மத்தேயுவைப் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம் இதைத் தெளிவாகப் பிரித்தார்: மனிதர் முன் கொடுத்தும் அவர்கள் காண வேண்டும் என்ற எண்ணமின்றிக் கொடுக்கலாம், மறைவில் கொடுத்தும் காணப்பட வேண்டும் என்ற ஆசையோடு கொடுக்கலாம். அவர் காலத்து ஆயரான அகுஸ்தீன் இன்னும் உள்ளே போனார். அவருக்கு இடதுகை என்பது அடுத்த வீட்டுக்காரர் அல்ல, கொடுக்கிறவனுக்குள்ளேயே இருக்கிற புகழாசை. நடைமுறையில் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்: கிறிஸ்தவன் என்று காட்டிக்கொள்ளப் பயந்து மறைக்கத் தோன்றும் இடத்தில் வெளிப்படையாகச் செய்யுங்கள், காட்டிக்கொள்ளத் தோன்றும் இடத்தில் மறையுங்கள். பணம் கொடுப்பதில் நமக்கு வரும் சோதனை பெரும்பாலும் இரண்டாவதுதான்.

பெயர் வெளியே தெரிவதே பாவம் என்று நினைக்கவும் தேவையில்லை. பர்னபா நிலத்தை விற்று அப்போஸ்தலர் பாதத்தில் வைத்ததைப் பெயரோடுதான் அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரின் பெயரே, 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஊழியத்துக்குப் பணம் உதவிய டோனா என்ற ஜெர்மானியக் கோமானின் பெயர். அதே ஊரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1951-இல் இறக்குமுன் தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றுதான் அங்கே இருக்கிறது. ஒரே ஊர் இந்த இரண்டையும் நன்றியோடு வைத்திருக்கிறது. அனனியா, சப்பீராளின் குற்றமும் பெயர் தெரிந்தது அல்ல; ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்தவர்களாகத் தெரிய விரும்பியதுதான்.

ரகசியமாகக் கொடுப்பதற்கு ஓர் ஏற்பாடு தேவை என்பதை யூதர்கள் பழங்காலத்திலேயே கண்டிருந்தார்கள். எருசலேம் தேவாலயத்தில் ‘ரகசியங்களின் அறை’ என்று ஓர் அறை இருந்ததாக யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பக்தியுள்ளவர்கள் அதில் ரகசியமாய்ப் போடுவார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போனவர்கள் அதிலிருந்து ரகசியமாய் ஆதரிக்கப்படுவார்கள். கொடுத்தவருக்கு வாங்கினவரைத் தெரியாது, வாங்கினவருக்குக் கொடுத்தவரைத் தெரியாது. அதே மிஷ்னா ஊர்த் தர்மநிதியைப் பற்றிச் சொல்லும்போது, வசூலிக்க இரண்டு பேர், பங்கிட மூன்று பேர் என்று விதிக்கிறது. பெயர் மறைந்த இடத்தில் பணத்துக்குக் கூடுதல் கண்கள் வேண்டும் என்ற விவேகம் இது. பின்னால் இதற்கே திரும்பி வருவேன்.

தேவாலயத்தின் காணிக்கைப் பெட்டிகள் வேறு வகை. எக்காள வடிவில் 13 பெட்டிகள் இருந்தன. போடுகிறவர்களை எல்லோரும் பார்க்க முடியும். மாற்கு 12-இல் விதவை வந்து நின்றது அங்கேதான். "ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு" என்கிறது வசனம். அந்தத் துட்டு ரோமப் பணமான தெனாரியத்தில் 64-இல் ஒரு பங்கு. தெனாரியம் ஒரு நாள்கூலி. இன்றைக்கு நாள்கூலி 640 ரூபாய் என்று வைத்தால் அவள் போட்டது 10 ரூபாய். அதுவே அவள் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம். சுவிசேஷத்தில் அவள் போட்ட தொகை துல்லியமாக இருக்கிறது, பெயர் இல்லை. அறிவிப்புப் பலகை எழுதுகிற சபைகள் இதைச் சற்று நேரம் யோசிக்கலாம்.

ஆதிச்சபை ரகசியத்தைத் தனிமனிதர் சாமர்த்தியத்துக்கு விடாமல் பொதுப் பெட்டியில் வைத்தது. சுமார் கி.பி. 155-இல் ரோமில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன், மனமுள்ளவர்கள் தாங்களே நிர்ணயித்ததைக் கொடுப்பார்கள், அது சபைத் தலைவரிடம் சேர்க்கப்படும், அவர் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்பவர்கள், வழிப்போக்கர் எல்லோரையும் கவனிப்பார் என்கிறார். சுமார் 197-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற இன்னொரு கிறிஸ்தவ ஆசிரியர் எழுதும்போது, மாதம் ஒருமுறை, விருப்பமும் வசதியும் இருந்தால் மட்டும், கட்டாயமின்றிப் போடும் பெட்டி ஒன்றைக் குறிப்பிடுகிறார்; ஏழைகளை அடக்கம் பண்ணுவது, பெற்றோரில்லாப் பிள்ளைகள், வயதான வேலைக்காரர், கப்பல் உடைந்தவர்கள் என்று செலவினங்களையும் அடுக்குகிறார். பணம் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் ‘இது என் பணம், அவனுக்குப் போனது’ என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்குகிற விதவையும் எவருக்கும் தனியாகக் கடன்பட்டவள் இல்லை. பொதுப் பையில் போடுவதை எளிய காணிக்கை என்றும் தனியாகத் தேடிப்போய்க் கொடுப்பதை உயர்ந்தது என்றும் நினைக்கிறோம். ரகசியம் என்று பார்த்தால் பொதுப் பையே வலிமையானது.

இதை இன்றுவரை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் கத்தோலிக்கப் பங்கு ஆலயங்களில் இருக்கிறது. 1833-இல் பாரிசில் இருபது வயது ஓசனாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டங்களில் ‘ரகசிய வசூல்’ என்று ஒன்று உண்டு. துணிப்பை ஒன்று சுற்றி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். வசதியானவர் எவ்வளவு போட்டார், அன்று கையில் ஒன்றுமில்லாதவர் வெறுங்கையை விட்டாரா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. அந்தப் பணத்தோடு உறுப்பினர்கள் ஏழைகளின் வீட்டுக்கே நேரில் போவார்கள். பணத்தில் பெயர் இல்லை, ஆனால் மனிதமுகம் இருக்கிறது. ரகசிய ஈகை என்றால் தூரத்திலிருந்து வீசிவிட்டுப் போவது என்ற எண்ணத்துக்கு இது நல்ல மறுமொழி. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் சுற்றிவரும் காணிக்கைப் பைக்கும் இதே குணம் உண்டு. திறந்த தட்டில் அது போய்விடுகிறது. உங்கள் சபையில் பைக்குப் பதிலாகத் தட்டு வாங்கலாம் என்ற பேச்சு வந்தால், தயவுசெய்து எதிர்த்துப் பேசுங்கள்.

மிசோரம் சபைகளில் சமைக்கும் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் திரட்டி விற்று ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். பிடி அரிசி நம் ஊர்களிலும் அறியாத காரியமல்ல. அடுப்படியில் எடுத்து வைக்கும் அந்தக் கையை யார் பார்க்கிறார்கள்?

இனி நடைமுறை. வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு தொடங்கி நடுவில் சொதப்பிவிடுவது இதில்தான் அதிகம்.

முதலில் தொகையைத் தேவை கண்ணில் படுமுன்பே ஒதுக்குங்கள். "வாரத்தின் முதல்நாள்தோறும் தன்தன் வரவுக்குத் தக்கதாக" எடுத்து வைக்கச் சொல்கிறார் பவுல். சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கோ தனி டப்பாவுக்கோ மாற்றிவிட்டால், பிறகு கொடுக்கும்போது தியாகம் செய்வது போன்ற உணர்வு எழாது. அந்தப் பணம் ஏற்கெனவே உங்களுடையதல்ல. அந்த உணர்வு எழாமலிருப்பது முக்கியம். அது எழுந்தால் யாரிடமாவது சொல்லத் தோன்றும்.

கணவனுக்கோ மனைவிக்கோ தெரிய வேண்டுமா? வேண்டும். வீட்டுப் பணம் இருவருடையது. துணையிடம் மறைத்துக் கொடுப்பது அந்தரங்கம் அல்ல, ஏமாற்று. மாதம் இவ்வளவு என்று இருவரும் பேசி முடிவெடுத்துவிடுங்கள். அதற்குள் யாருக்குப் போகிறது என்பதை ஒருவருக்கொருவர் விவரிக்காமல் இருக்கலாம்.

அடுத்தது வழி. யுபிஐ மூலம் அனுப்பினால் பெறுகிறவருக்கு உங்கள் வங்கிக் கணக்கிலுள்ள பெயர் தெரிந்துவிடும். நெஃப்ட் என்ற வங்கிப் பரிமாற்றத்திலும் அப்படியே. முன்பெல்லாம் பெயரில்லாமல் டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து அனுப்புவார்கள். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 15 முதல் டிராஃப்டின் முகப்பிலேயே எடுத்தவர் பெயர் அச்சாகிறது, அந்த வழியும் அடைபட்டது. சாதாரணத் தபால் உறையில் பணத்தாள் வைத்து அனுப்ப வேண்டாம். தொலைந்தால் கேட்க வழியில்லை. மிஞ்சுவது இரண்டு: இடைநிலையாள் மூலம் கொடுப்பது, அல்லது தேவை இருக்கும் இடத்தில் நேரடியாகக் கட்டிவிடுவது.

நேரடியாகக் கட்டுவதுதான் சுத்தமானது. பள்ளிக் கட்டணம் என்றால் பிள்ளையின் சேர்க்கை எண்ணைச் சொல்லி அலுவலகத்தில் கட்டி, ரசீதைப் பிள்ளையின் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி பில் என்றால் நோயாளியின் பதிவு எண்ணுக்குப் பணம் கட்டலாம். ரொக்கமாக 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் அவர்கள் வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்பதை நினைவில் வையுங்கள். மளிகைக் கடையில் பற்று ஏறிக் கிடக்கிறது என்றால், பற்று நோட்டில் உள்ள பாக்கியை அடைத்து, மேலும் ஒரு மாதத்துக்கு முன்பணம் வைத்துவிடுங்கள். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வீட்டு வாசலில் இறக்கினால் தெருவே பார்க்கும். கடையில் பணம் இருந்தால் அந்த அம்மா மற்றவர்களைப் போல் பையோடு போய் வேண்டியதை வாங்கி வருவார். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவரிடமே இருக்கும். இதில் பலவீனமான கண்ணி கடைக்காரரின் வாய். பேசாதவராகப் பார்த்துச் செய்யுங்கள்.

இடைநிலையாளைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனம் தேவை. சபை ஊழியர், ஆயரின் மனைவி, பெண்கள் ஐக்கியத்தில் நெடுநாள் இருக்கும் ஒருவர், பள்ளித் தலைமையாசிரியர் போன்றோர் பொருத்தமானவர்கள். பணத்தை உறையில் வைத்து, என்ன தேவைக்கு, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் இரண்டு பேர் முன்னிலையில். ‘யார் கொடுத்தது’ என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொன்னால் அது பொய். நம் ஈகைக்காக இன்னொருவரைப் பொய் சொல்ல வைக்கலாகாது. ‘பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்’ என்பது உண்மை, போதுமானதும்கூட. ‘ஆண்டவர் தந்தார்’ என்று மட்டும் சொல்வது பக்தியாகத் தெரிந்தாலும், கொண்டுவந்து கொடுத்தவரே கொடுத்தார் என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்ள இடம் வைக்கிறது. அந்த நன்றி பிறகு சபை நிர்வாகத்துக்கான சேகரக் கமிட்டித் தேர்தலில் வாக்காக எதிர்பார்க்கப்படும் நிலைகூட வரலாம். சபையின் ஏழைகள் நிதி வழியாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும்.

ஒரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கோ கல்லூரி மாணவிக்கோ பெயரில்லாமல் பணம் போனால் அவளுக்குப் பயம் வரும். யார், என்ன எதிர்பார்க்கிறான், நாளைக்கு வந்து நிற்பானோ என்று தூக்கம் கெடும், வீட்டார் சந்தேகப்படுவார்கள். உதவியே உபத்திரவமாகும். இப்படிப்பட்ட இடத்தில் தனிமனிதக் கொடை வேண்டவே வேண்டாம். சபை நிதி, அல்லது பள்ளி, கல்லூரியின் உதவித்தொகை என்ற அடையாளத்தோடு, பெண்கள் கையாலேயே போய்ச் சேரட்டும். எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகவும், எந்த மனிதன் என்பது தெரியாமலும் இருக்க வேண்டும்.

விசாரிக்காமல் கொடுப்பதையும் ரகசிய ஈகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆதிச்சபையின் மிகப் பழைய ஒழுங்குநூலான திதாகே, யாருக்குக் கொடுக்கிறோம் என்று அறியும்வரை தர்மம் உன் கைகளில் வியர்க்கட்டும் என்ற பழைய வாக்கைச் சொல்கிறது. தேவை உண்மையா, மாதாமாதம் வருவதா, ஒரே முறையா, கடனா, குடியா என்றெல்லாம் அறியும் உழைப்பும் தர்மத்தில் அடக்கம். அந்த விசாரணையும் ரகசியமாகவே இருக்கட்டும்.

அறக்கட்டளைக்குக் கொடுப்பதானால் சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும். சட்டம் ‘அநாமதேய நன்கொடை’ என்று சொல்வது, கொடுத்தவரின் பெயர், முகவரிப் பதிவு பெற்றவரிடமே இல்லாத பணத்தை. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் அப்படிப்பட்ட பணம், மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி. முழுக்க மத நோக்கத்துக்கான அமைப்புகளுக்கு விலக்கு இருந்ததால் ஆலயக் காணிக்கைப் பைக்குத் தொல்லையில்லை. ஆனால் அறக்கட்டளை நடத்தும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கட்டுக்கட்டாகப் பெயரில்லாப் பணம் கொடுத்தால் அவர்களை வரியில் மாட்டிவிடுகிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் வேறு. தொகை பெரிதானால் அவர்களுடைய ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள். பொருளாளரிடம் பெயரும் பான் எண்ணும் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, வெளியே வெளியிட வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதே போதும். வரிச்சலுகை வாங்கினால் ரகசியம் கெட்டுவிடுமா என்று சிலர் கலங்குகிறார்கள். கெடாது; வரி அலுவலகம் யாரையும் புகழ்வதில்லை. மனம் உறுத்தினால் மிச்சமான வரியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் மட்டும் கவனிக்க வேண்டியது: நீங்கள் இங்குள்ள சபைக்கோ அறக்கட்டளைக்கோ அனுப்புவது வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் கீழ் வரும். அதற்கென்று பதிவு பெற்ற கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். சபைக்கான பணத்தை ரகசியம் என்று ஆயரின் சொந்தக் கணக்கில் போட்டு அவரைச் சிக்கலில் விடாதீர்கள்.

கொடுப்பவர் பெயர் மறைந்தால் பணமும் மறைந்துபோகும் வாய்ப்பு உண்டு. பவுலுக்கு இது தெரிந்திருந்தது. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகத் திரட்டிய தர்மப்பணத்தைக்குறித்து யாரும் குற்றப்படுத்தாதபடி, "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்" என்று 2 கொரிந்தியர் 8-இல் எழுதி, தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார். மறைய வேண்டியது கொடுத்தவரின் பெயர். கணக்கு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பையை எண்ணும்போது உறவினரல்லாத இரண்டு பேர், அன்றே தொகை எழுதிக் கையெழுத்து, மறுநாளே வங்கியில் கட்டுவது என்ற மூன்றையும் விடாத சபைகளில் பெயரில்லாக் காணிக்கை தைரியமாகப் பெருகும்.

பெயர் வாசிக்கும் வழக்கத்தை மாற்ற நினைக்கும் சபைகளுக்கு ஜார்ஜ் முல்லர் ஒரு முன்மாதிரி. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836 முதல் அநாதை இல்லங்கள் நடத்திய அவர் யாரிடமும் பணம் கேட்டதில்லை. கொடுத்தவர்களுக்கு ரசீது கொடுத்தார், கணக்கை ஆண்டறிக்கையில் வெளியிட்டார், கொடுத்தவர் பெயர்களை வெளியிடவில்லை. அதே அறிக்கைகளில் ஆண்டாண்டாக, கிறிஸ்துவின் அன்பால் நெருக்கப்பட்டுப் பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்க விரும்பும் ‘கர்த்தராகிய இயேசுவின் ஊழியன் ஒருவன்’ கொடுத்தது என்று ஒரு வரவு வந்துகொண்டே இருந்தது. 1898-இல் முல்லர் இறந்தபோது அந்த வரவின் மொத்தம் 81,490 பவுண்டு. கொடுத்தவர் முல்லரேதான், தன் சொந்தச் செலவுக்கென்று மக்கள் தந்ததில் பெரும்பகுதியை அப்படித் திருப்பியிருந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து, புத்தகமும் மேசை நாற்காலியும் சேர்த்து 170 பவுண்டுகூட இல்லை. நம் சபைகளில் பெயருக்குப் பதிலாக ரசீது எண்ணையும் தொகையையும் பலகையில் போடலாம். கொடுத்தவர் தன் ரசீதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார். பிறந்தநாள், திருமணநாள் ஸ்தோத்திரக் காணிக்கையில் பெயரை வாசித்து ஜெபிப்பது நல்லது, தொகையை வாசிக்காமல் விட்டால் போதும். அறுப்பின் பண்டிகை ஏலம் சபையின் குதூகலம். அதை அப்படியே இருக்க விடுங்கள், தர்மத்தோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

பெயரில்லாமல் கொடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தை ரகசிய உதவியாகத் திருப்பித் தருவது தர்மமல்ல, அது கூலி; யாக்கோபு 5:4 வாசியுங்கள். அநியாயமாய் வாங்கினதை சகேயு எல்லோர் முன்பாகவும் எழுந்து நின்று நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். பெற்றோரைத் தாங்குவது பிள்ளையின் கடமை, அங்கே முகம் தெரிய வேண்டும். தனிமையில் வாடுகிறவருக்குப் பெயரில்லா உறை இன்னும் தனிமையையே தரும். போய் உட்கார்ந்து பேசுங்கள்.

கொடுத்த பிறகு வரும் சோதனைகள்தான் கடினமானவை. ‘அந்தக் குடும்பத்துக்கு யாரோ உதவி செஞ்சாங்க போல’ என்று பேச்சுவாக்கில் எடுத்துவிடுவது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நாலு பேரிடம் சொல்வது. பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பிள்ளை ஒழுங்காகப் போகிறதா என்று மற்றவர்களைவிடக் கூடுதலாக விசாரிப்பது. அவர்கள் ஒரு புதுச்சேலை எடுத்தால் ‘என் பணம்’ என்று உள்ளே ஒரு முள் குத்துவது. அகுஸ்தீன் சொன்ன இடதுகை இதுதான். மத்தேயு 25-இல் நீதிமான்கள் "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது?" என்று கேட்கிறார்கள், அது தாழ்மைக்கான பேச்சல்ல, உண்மையிலேயே அவர்களுக்கு நினைவில்லை. மறதி தானாக வராது, ஆனால் அதற்கு வழி செய்யலாம். வருமானவரிக்குத் தேவையான ரசீது தவிர, யாருக்கு எவ்வளவு என்று எழுதிவைக்காதீர்கள். கொடுத்த இரவே அந்தக் குடும்பத்துக்காக ஒருமுறை ஜெபித்துவிட்டு அடுத்த தேவைக்குப் போங்கள். கண்டுபிடித்துவிட்டால் மறுக்க வேண்டாம். மூன்று பெண்பிள்ளைகளின் திருமணத்துக்காக இரவில் ஜன்னல் வழியே பொன் போட்ட மீரா பட்டணத்து ஆயர் நிக்கொலாவும் கடைசிமுறை பிடிபட்டு, தகப்பனிடம் யாருக்கும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டதாகவே மரபு சொல்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று, அதற்கு இப்போதே ஆயத்தமாக இருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பத்தார் சாட்சி சொல்ல எழுந்து, பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்டியவர் என்று நினைத்து வேறொருவருக்கு நன்றி சொல்வார்கள். அவரும் குழம்பி, மறுக்காமல் சிரிப்பார். நீங்கள் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டு, அடுத்த ஞானப்பாட்டுக்குப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்ளுங்கள்.